நீலப் பெரலும் ஜீவராணி அம்மையாரும்

இந்த இரங்கல் கூட்டத்திற்குத் தலைமை தாங்கும், கல்லூற்றுத் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர் திரு. மாயாண்டி அவர்களே! மழையையும் பாராமல் வந்திருக்கும் கால்நடை வைத்திய அதிகாரி டொக்டர் ரினோஸா அவர்களே! தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் பிள்ளை தனுஜாவே! மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு லயத்து வீடுகளிலிருந்து திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! உள்ளே இடம் கிடைக்காமல் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருக்கும் தம்பிமார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்!

என்னைத் தெரியாதவர்கள் ஒருசிலர் இருக்கலாம். நான் அன்ஸார். லிந்துலை டவுனில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவன். நமது கால்நடை வளர்ப்போர் சங்கத்தின் உபதலைவன். தலைவி யார்? அதோ அந்தப் படத்தில், மாலைக்குள்ளே, யாரையோ ஏசி முடித்துவிட்டுச் சிரிப்பதுபோல் சிரிக்கிறாரே, அவர்தான்! பால் நிலையத்தில் இருபத்தொன்பது வருடம் பால் பரிசோதித்தவர்! இந்தத் தோட்டத்து மாடுகளின் வயிற்றை நமக்குப் படித்துக் காட்டியவர்! எங்கள் சங்கத் தலைவி, அமரர் ஜீவராணி அம்மையார்!

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கூட்டத்திற்கு இரண்டரை மணி என்று நேரம் குறித்தவன் நான்தான். மூன்றரை மணிக்கு மாலைப் பால் கறக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும்! மறந்துவிட்டேன். கருமாதி முடிந்த மறுஞாயிறு, எல்லோருக்கும் லீவு, மண்டபம் சும்மா இருக்கிறது என்று மட்டும்தான் யோசித்தேன். அம்மையார் எனக்கு அண்ணன் முறை வைத்து "நானா" என்றுதான் கூப்பிடுவார். உயிரோடு இருந்திருந்தால், "ஏன் நானா, மாட்டுக்கும் நோட்டீஸ் அனுப்பினீங்களா?" என்று கேட்டிருப்பார். ஆகவே தலைவர் அவர்களே, என் மகன் டைப் செய்து கொடுத்த மூன்று பக்கப் பேச்சை இதோ மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கிறேன். மனதில் உள்ளதை மட்டும் பேசுகிறேன். மணி இப்போது இரண்டு ஐம்பது. மூன்றரைக்கு மேல் நான் இங்கே நின்றால் மைக்கைப் பிடுங்கிவிடுங்கள்!

அன்பர்களே! இறந்தவர்களைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்பார்கள். நான் இன்று அம்மையார் செய்த ஒரு பெரிய பிழையைப் பற்றிப் பேசப் போகிறேன். முகம் சுளிக்காதீர்கள்! அந்தப் பிழையைச் சொல்லாமல் அவருடைய பெருமையைச் சொல்லவே முடியாது. அதைவிட முக்கியம், அந்தப் பிழையில் எனக்கும் பங்கு இருக்கிறது. பதினேழு வருடமாக இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. இன்று சொல்லாவிட்டால் வேறு எந்த நாளில் சொல்லப்போகிறேன்?

அந்த நாளில் பால் நிலையம் எப்படி இருந்தது? உங்களில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். விடியக் கறந்த பாலைக் கேனில் ஊற்றிக்கொண்டு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடுவதற்கு முன் நிலையத்துக்கு ஓடுவீர்கள். வாசலில் மேசை. மேசைக்குப் பின்னால் ஜீவராணி அம்மையார். கையில் பால்மானி. கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கும், பாலில் விட்டால் மிதக்கும். பால் கெட்டியாக இருந்தால் மேலே நிற்கும், மெலிந்திருந்தால் கீழே இறங்கும். கீழே இறங்கினால் அம்மையார் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "தண்ணி!" அவ்வளவுதான். அந்தப் பால் திரும்பிப் போகும். சொந்தக்காரி என்று பார்க்க மாட்டார், கணக்கப்பிள்ளை வீட்டுப் பால் என்று பார்க்க மாட்டார். நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை! நெருப்புக்குக்கூடக் கொஞ்சம் ஈவிரக்கம் இருக்கும், அந்த மேசைக்குக் கிடையாது.

பதினேழு வருடத்துக்கு முன், ஒரு வறண்ட மாதத்தில் ஒரு வீட்டுப் பால் அடுத்தடுத்துத் திரும்பியது. யாருடைய வீடு? இதோ மூன்றாவது வரிசையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, என் கண்ணில் படக்கூடாது என்று குனிந்திருக்கிறாரே, நாகலெட்சுமி! நாகலெட்சுமி அவர்களே, நிமிர்ந்து உட்காருங்கள்! இன்று உங்களைப் பற்றியும் பேசாமல் நான் இறங்கப் போவதில்லை. அவருடைய புருஷனுக்கு அப்போது மலையில் வழுக்கி இடுப்பு ஒடிந்திருந்தது. வேலைக்குப் போக முடியாது. அந்த வீட்டில் உழைத்தது இரண்டே பேர். ஒன்று நாகலெட்சுமி, மற்றது பூவாயி. பூவாயி என்பது மாடு! நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காதைத் திருப்பும்.

நான்காம் நாளும் பால் திரும்பியபோது நாகலெட்சுமி நிலைய வாசலிலேயே நின்று அழுதார். நான் அன்று புண்ணாக்கு மூடை இறக்க வந்திருந்தேன். என் காதால் கேட்டேன்.

"அக்கா, மாரியாத்தா மேல சத்தியம். ஒரு சொட்டுத் தண்ணி நான் ஊத்தல."

"நீ ஊத்தலன்னா? இது கண்ணாடி, இது பொய் சொல்லுமா?"

"அப்ப எப்படிக்கா தண்ணி வந்துச்சு?"

"அத நீதான் சொல்லணும்."

நாகலெட்சுமி வீட்டுக்குப் போய் யோசித்தார். அந்த யோசனையைக் கவனியுங்கள்! நான் தண்ணீர் ஊற்றவில்லை, அது எனக்குத் தெரியும். அக்காவோ பொய் சொல்லாதவர், அது ஊருக்கே தெரியும். கண்ணாடியும் பொய் சொல்லாது. அப்படியானால் தண்ணீர் கலந்தது யார்? மாடு! மாடு குடிக்கிற தண்ணீர்தான் பாலில் வருகிறது! சிரிக்காதீர்கள்! அன்று அந்த லயத்தில் இதை மறுத்துப் பேசிய ஒருவர் உண்டா? "ஆமாண்டி, அதுதான்!" என்றீர்கள். ஒரு வாரத்தில் தோட்டம் முழுவதும் மாட்டுக்கு வைக்கிற தண்ணீர் பாதியாகிவிட்டது. சில வீடுகளில் காலையில் ஒரு வாளி, அவ்வளவுதான். நம் மாடுகள் மேயப் போகிற மாடுகளா? இருபத்துநாலு மணி நேரமும் கொட்டிலில் கட்டிக் கிடக்கிற மாடுகள். நாம் வைத்தால்தான் தண்ணீர். பத்தடி தள்ளி ஊற்று ஓடுகிறது, அந்தச் சத்தம் மாட்டுக்குக் கேட்கிறது, ஆனால் அதன் வாய்க்கு ஒரு சொட்டு இல்லை!

இப்போது என் பங்குக்கு வருகிறேன். நாகலெட்சுமி என் கடைக்கு வந்து கேட்டார். "நானா, பால் கெட்டியாகணும். என்ன குடுக்கலாம்?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? கல்லாவில் இருந்துகொண்டு, பெரிய பண்டிதன் போல, "புண்ணாக்கைக் கூட்டிப் போடுங்க, தண்ணியக் குறைங்க. ஒரு கிழமையில பாருங்க, பால் பாயாசம் மாதிரி வரும்" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன வாய் இந்த வாய்தான்! தாகத்தில் நாக்கு வறண்ட ஒரு நாய்க்குத் தண்ணீர் மொண்டு கொடுத்ததற்காகவே ஒருவருடைய பாவம் மன்னிக்கப்பட்டது என்று சின்ன வயதிலிருந்து பள்ளிவாசலில் கேட்டு வளர்ந்தவன் நான். அதைக் கேட்டு வளர்ந்தவன்தான் வாயில்லாத ஜீவனுக்குத் தண்ணீரைக் குறை என்று சொன்னேன். எதற்காக? புண்ணாக்கு விற்பதற்காக!

பத்தாம் நாள் பூவாயி விழுந்துவிட்டது. எழுப்ப முடியவில்லை. அன்றிருந்த பெரிய டொக்டர் வருவதற்குள் போய்விட்டது. அவர் வயிற்றைத் திறந்து பார்த்தார். உள்ளே புண்ணாக்கும் முற்றிய மானாப்புல்லும் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் இறுகி, செங்கல் மாதிரி இருந்தது. அவர் அந்தக் கட்டியை எடுத்து அம்மையார் கையில் கொடுத்தார். "இந்த மாடு தண்ணி இல்லாம செத்திருக்கு" என்றார். அம்மையார் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அடுத்த நாள் அம்மையார் லீவு போட்டுவிட்டு டொக்டர் வேலை பார்க்கிற கந்தோருக்குப் போனார். காலையில் போனவர் மாலைவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். பால்மானி பொய் சொல்லுமா? சொல்லும், என்றார் டொக்டர். கறந்த சூட்டோடு, நுரை அடங்குவதற்கு முன் விட்டால் குறைத்துத்தான் காட்டும். ஆறவிட்டு, மெல்லக் கலக்கி, அதற்குப் பிறகுதான் விட வேண்டும். அப்படியும் குறைத்துக் காட்டினால்? மாடு பட்டினி என்று அர்த்தம். நல்ல தீனி இல்லாத மாட்டின் பால் தானாகவே மெலியும், யாரும் தண்ணீர் கலக்க வேண்டியதில்லை. மாடு குடிக்கிற தண்ணீர் பாலை மெலிய வைக்குமா? வைக்காது! ஒரு லீட்டர் பால் சுரக்க நாலைந்து லீட்டர் தண்ணீர் வேண்டும். தண்ணீரைக் குறைத்தால் பால்தான் குறையும்.

இத்தனையும் கேட்ட பிறகு நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? வாயை மூடிக்கொண்டு, நாளையிலிருந்து பாலை ஆறவிட்டுப் பரிசோதிப்போம். யாருக்குத் தெரியப் போகிறது? அம்மையார் என்ன செய்தார்? மறுநாள் விடியற்காலை, பெரட்டுக்களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கிற கண்டாக்கு பெயர் கூப்பிடுவதற்கு முன், இருநூறு பேருக்கு நடுவில் போய் நின்றார்!

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. நாகலெட்சுமி தண்ணி ஊத்தல. அவ மாடும் ஊத்தல. எனக்குத்தான் பாக்கத் தெரியல. நா சொன்ன ஒரு சொல்லால அவ மாடு செத்துப்போச்சு. இவ்வளவு நாளா யார் யார் பால நா திருப்பி அனுப்பினேனோ, அவங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்குறேன்" என்றார். சொல்லிவிட்டு நாகலெட்சுமியின் காலைத் தொடக் குனிந்தார். நாகலெட்சுமி பின்னால் நகர்ந்துவிட்டார். மன்னிக்கவில்லை! ஏன் மன்னிக்க வேண்டும்? மாடு போன வீடு அது! கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டார்.

கண்டாக்கு ஐயா கையில் பெயர்ப் புத்தகத்தோடு வாய் பிளந்து நின்றார். எத்தனையோ தலைவர்கள் வந்து பேசிய இடம் அது. அங்கே நின்று "பிழை என்னுடையது" என்று சொன்ன ஒருவரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை!

ஆனால் நண்பர்களே, மன்னிப்புக் கேட்டதும் மாடுகளுக்குத் தண்ணீர் கிடைத்ததா? இல்லை! "அக்கா பாவம், மனசு கெட்டுப்போய்ப் பேசுது" என்றீர்கள். மாட்டுக்குத் தண்ணீர் வைத்தால் பால் தண்ணியாகும் என்பது அதற்குள் உங்கள் எலும்பில் ஊறிவிட்டது. அப்போதுதான் அம்மையார் என் கடைக்கு வந்தார். நேராகக் கேட்டார்.

"நானா, அந்த நீலப் பெரல் எனக்கு வேணும்."

தேங்காய் எண்ணெய் வந்த பிளாஸ்டிக் பெரல். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். "எதுக்கு தங்கச்சி?" என்றேன்.

"ரெண்டா அறுத்து என் மாட்டுக்கு முன்னால வைக்கப் போறேன். ராப்பகலா தண்ணி இருக்கும். ஏழு நாள் அது இஷ்டத்துக்குக் குடிக்கட்டும். ஏழாம் நாள் பால எல்லார் முன்னாலயும் பாப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொழுப்பும் வந்தது. "ஏழாம் நாள் பால் தண்ணியாகாட்டி, கடையப் பூட்டிட்டு ஒரு மாசம் உங்க மாட்டுக்கு நான் புல்லு அறுக்கிறேன்!" என்றேன். கடையில் நின்ற பத்துப் பேர் கை தட்டினார்கள். அவர்களில் நால்வர் இன்று இங்கே இருக்கிறார்கள், பல்லைக் காட்டுகிறார்கள்!

அந்த ஏழு நாள் இருக்கிறதே! கிரிக்கெட் மெச் கெட்டது போங்கள்! தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் அம்மையாருடைய கொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். முதல் நாள் அந்த மாடு பெரலுக்குள் முகத்தை விட்டது, மூச்சு விடாமல் குடித்தது, நிமிர்ந்தது, திரும்பவும் குடித்தது. "செத்துரும் செத்துரும்" என்று நீங்கள் கத்தினீர்கள். மூன்றாம் நாள் சாணி இளகியது. "பேதி, பேதி!" என்று வதந்தி கிளம்பியது. பேதியா? மாட்டுச் சாணி அப்படித்தான் இருக்க வேண்டும், நாம்தான் அதுவரை வறட்டியைப் பார்த்துவிட்டு அதைச் சாணி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்! ஐந்தாம் நாள் கறக்கிற வாளியில் முன்பு எட்டாத கோடுவரை பால் ஏறிவிட்டது என்று செய்தி வந்தது. "பாத்தீங்களா, அவ்வளவும் தண்ணி" என்றேன் நான். அவ்வளவு திமிர் எனக்கு!

ஏழாம் நாள் காலை. நிலைய வாசலில் கால் வைக்க இடமில்லை. அம்மையார் பாலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆறவிட்டார். நுரை அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். வேறு எதையும் மாற்றவில்லை, அதே புல், அதே புண்ணாக்கு, தண்ணீர் மட்டும்தான் புதிது என்று சொன்னார். பிறகு பால்மானியை எடுத்தார். எடுத்து, கூட்டத்தின் கடைசியில் நின்ற நாகலெட்சுமியிடம் நீட்டினார்!

"நீ பாரு. நா பாத்தா ஊரு நம்பாது. நீ பாத்தா நம்பும்."

அந்தக் கண்ணாடி யாரை அழ வைத்ததோ அவர் கையிலேயே கொடுத்தார்! நாகலெட்சுமி வாங்கவில்லை. அம்மையாரும் நீட்டிய கையை மடக்கவில்லை. ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ இருக்கும். பால் ஏற்ற வந்த பவுசர்க்காரர் ஹோர்ன் அடிக்கிறார், ஒருவரும் அசையவில்லை. கடைசியில் நாகலெட்சுமி முன்னால் வந்து வாங்கினார். பாலில் விட்டார். குனிந்தார். அது ஆடி, ஆடி, நின்றது. எனக்கு வியர்த்துவிட்டது, அந்தக் குளிரில்!

"தண்ணி இல்ல" என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்து, நிலையம் அதிரக் கத்தினார்: "தண்ணி இல்லடி! பாலுதான்! அத்தனையும் பாலுதான்!"

என்ன ஆரவாரம்! என்ன ஆரவாரம்! கேனில் தாளம் போட்டார்கள். ஒன்றரை லீட்டர் கூடியிருந்தது, பால்மானி ஒரு கோடும் இறங்கவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் நாகலெட்சுமி மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப என் பூவாயி?" என்றார். அம்மையார் அவரைக் கட்டிக்கொண்டார். அடுத்த மாதம் அம்மையாருடைய மாட்டின் பால் மறந்த கிடாரிக் கன்று நாகலெட்சுமியின் கொட்டிலுக்குப் போனது. அதை யாரும் கேட்கவில்லை, அம்மையாரும் யாரிடமும் சொல்லவில்லை.

சரி, என் கதை? கேட்கத்தானே பார்க்கிறீர்கள்! பேச்சு என்றால் பேச்சு. கடையை மகனிடம் விட்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு மாதம் புல் அறுத்தேன். அட்டை கடித்த இடம் எண்ணி முடியாது. ஓடையோரத்தில் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நாளெல்லாம் கொழுந்து எடுத்த பெண்கள், அதற்குப் பிறகு ஏறி இறங்கிப் புல் அறுத்து, ஈரச் சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தச் சுமையில் பாதி மாட்டுக்கு ஆகாத புல்! நானும் முதல் நாள் நெட்டையாக, பூவோடு நின்ற புல்லாகப் பார்த்து அறுத்துக்கொண்டு பெருமையாகப் போனேன். அம்மையார் ஒரு தாளை உருவிப் பார்த்துவிட்டு என் காலடியில் போட்டார்.

"பூத்த புல்லு வெறகு நானா. வெறகத் தின்னு எந்த மாடு பால் குடுக்கும்?"

பூப்பதற்கு முன் அறுக்க வேண்டும், விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட வேண்டும், முருக்கு மரத்து இலையைக் கலக்க வேண்டும், உப்புக்கட்டியை நக்கத் தொங்கவிட வேண்டும். புல் அறுக்கிற சாக்கில் ஒரு மாதம் எனக்கு அவர் பாடம் எடுத்தார். முப்பது வருடம் தீவனம் விற்றவனுக்கு ஒரு மாடு என்ன தின்ன வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது!

என் கடை வாசலில் படுத்திருக்கும் மணி நாயையும் அவர் விடவில்லை. வருகிற போகிறவர்கள் போடுகிற பணிஸ், பிளேன்டீ, மிஞ்சின கொத்து ரொட்டி, இதுதான் அதன் சாப்பாடு. உடம்பெல்லாம் மயிர் கொட்டிப்போயிருந்தது. "நானா, இது நாயா, உங்க குப்பைக் கூடையா?" என்று கேட்டார். கொத்தில் இருக்கிற வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவர்தான் சொன்னார். சோறும் அவித்த மீனும் கொஞ்சம் பூசணிக்காயும் கொடுக்கச் சொன்னார், பக்கத்தில் ஒரு சட்டித் தண்ணீர். மூன்று மாதத்தில் மணிக்கு மயிர் முளைத்தது. என் தலைக்கும் ஏதாவது சொல்லுங்கள் தங்கச்சி என்று கேட்டேன். "அது தீனியால வர்ற நோய் இல்ல நானா" என்றுவிட்டார்!

சிரியுங்கள், சிரியுங்கள்! அவர் இருந்த இடத்தில் அழுகை எப்போது இருந்தது?

தீவனமே கிடைக்காத அந்தக் கஷ்ட காலத்தை மறந்துவிட்டீர்களா? என் கடையில் மூடை இல்லை, பவுசருக்கு டீசல் இல்லை. நாடெல்லாம் மாட்டை இறைச்சிக்கு விற்றார்கள். நம் தோட்டத்தில் எத்தனை மாடு போனது? ஒன்றுகூட இல்லை! ஏன்? அதற்கு ஆறு வருடத்துக்கு முன்பே ஓடைக் கரை முழுவதும் கோ-3 புல்லை நட வைத்திருந்தார். போதாததற்கு என்னை லொறியில் ஏற்றிக் கந்தப்பளைக்குக் கொண்டுபோனார். கரட் கழுவுகிற இடத்தில் உடைந்தது, வளைந்தது என்று கழித்துப்போட்ட கரட் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். திரும்பி வரும்போது உள்ளே இடமில்லை, அறுபது வயதை எட்டிப் பிடிக்கிற நான் கரட் குவியலுக்கு மேலே உட்கார்ந்து, மழையில் நனைந்துகொண்டு, ராசா மாதிரி வந்தேன்! வீடு வீடாகப் பங்கு வைத்தார். "ஆசைக்கு அள்ளிப் போடாதீங்க, புல்லுதான் சோறு, இது கறி" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார்.

இப்படிப்பட்டவர் போய்விட்டார். பால் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழும்பவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குத் தங்கச்சி இல்லாத குறையைப் பதினேழு வருடம் தீர்த்து வைத்தவர். அந்த வேதனையை நான் எப்படிச் சொல்வேன்?

ஆனால் வேதனைக்கு மேலே எனக்கு நேற்று கோபம் வந்தது! ஏன் தெரியுமா? நேற்று மத்தியானம் நான் யாரிடமும் சொல்லாமல் இரண்டு பிரிவிலும் ஒவ்வொரு கொட்டிலாக ஏறி இறங்கினேன். இன்று ஒவ்வொரு மாட்டுக்கு முன்னாலும் ஒரு நீலப் பெரல் இருக்கிறது. எங்கள் சங்கத்தின் கொடி அதுதான். எத்தனை பெரலில் தண்ணீர் இருந்தது? நாற்பத்திரண்டு கொட்டில் பார்த்தேன். பதினொன்று காய்ந்து கிடந்தது! ஒன்றில் எட்டுக்கால் பூச்சி வலை பின்னியிருந்தது! அவர் போய் இருபது நாள்கூட ஆகவில்லை! பெயர் சொல்ல மாட்டேன். தலையைக் குனிகிறவர்களைப் பார்த்தாலே ஊருக்குத் தெரிகிறது! துக்கம் என்கிறீர்கள். மாட்டுக்குத் தெரியுமா துக்கம்? அம்மையார் அன்று பெரட்டுக்களத்தில் தலை குனிந்தது எதற்காக? இந்தப் பெரல் அவர் உயிரோடு இருக்கும்வரைதான் நிறைந்திருக்கும் என்றால், பூவாயி செத்தது வீண்தானே?

கடைசியாக அம்மையாருடைய கொட்டிலுக்குப் போனேன். சாவு வீடு. மகள் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் கொடுத்திருப்பார்கள், மாட்டை யார் நினைத்திருப்பார்கள்? பயந்துகொண்டுதான் எட்டிப் பார்த்தேன்.

பெரல் தளும்பிக்கொண்டிருந்தது. விளிம்புவரை! பக்கத்தில் ஈரச் சேலையோடு, கையில் வாளியோடு நாகலெட்சுமி. கீழ் லயத்திலிருந்து நூற்றிருபது படி ஏறி, சாவு விழுந்த நாளிலிருந்து தினமும் மூன்று வேளை வந்திருக்கிறார். தனுஜாவுக்கே தெரியாது. நான் கேட்டேன், "நாகலெட்சுமி, யாரு சொல்லி நீங்க ஊத்துறீங்க?"

அவர் என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"யாரு சொல்லணும் நானா? மாடு குடிக்குது, ஊத்துறேன்."

அவ்வளவுதான்! நான் மூன்று பக்கத்துக்கு எழுதி வைத்திருந்த பேச்சு மூன்று சொல்லில் முடிந்துவிட்டது! பெரட்டுக்களத்தில் மன்னிக்காமல் போன அந்த அம்மாதான் இன்று அம்மையாருடைய பெரலை நிரப்பிக்கொண்டிருக்கிறார்!

ஆகவே இந்த மேடையில் இரண்டு சொல்கிறேன். ஒன்று, பால்மானியை இனி யார் பிடிப்பது என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. என் வாக்கு நாகலெட்சுமிக்கு! டொக்டர் ரினோஸா அவர்கள் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, நாளையிலிருந்து என் கடைக்கு யார் வந்தாலும், புண்ணாக்குக்குக் கை நீட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன்: "மாட்டுக்குத் தண்ணி வச்சாச்சா?" பதில் சரியில்லை என்றால் மூடை நகராது! தண்ணீரைக் குறை என்று சொன்ன இந்த வாய், இனி மூடும்வரை இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். ஜீவராணி தங்கச்சி, இது உங்கள் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கிற வாக்கு!

தலைவர் மாயாண்டி அவர்கள் எழுந்து நிற்கிறார். இரண்டு நிமிட மௌன அஞ்சலிக்குத்தான். மன்னிக்க வேண்டும் ஐயா, கொஞ்சம் பொறுங்கள். மைக்கை நான் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறேன். எல்லோரும் காதைக் கொடுங்கள்.

கேட்கிறதா? மேல் லயத்துப் பக்கம்... அதோ, கீழேயும் ஒன்று. இன்னொன்று. மணி மூன்று முப்பத்தைந்து! மாடுகள் கத்துகின்றன! அம்மையார் இருந்திருந்தால் அந்த முதல் சத்தத்துக்கே செருப்பைத் தேடியிருப்பார். அவருக்கு நாம் மௌன அஞ்சலியா செலுத்துவது?

எழும்புங்கள்! உட்கார்ந்த கதிரையை மடிக்க வேண்டாம், நானும் என் மகனும் மடித்துக்கொள்கிறோம். அழுகிறவர்கள் நடந்துகொண்டே அழுங்கள். பாதை ஈரம், பார்த்துப் போங்கள். வீட்டுக்குள் நுழையாதீர்கள், நேராகக் கொட்டிலுக்குப் போங்கள். கறப்பதற்கு முன்னால் பெரலைப் பாருங்கள்.

தனுஜா, நீயும் போம்மா. உன் அம்மாவின் மாடு உன்னைத்தான் கூப்பிடுகிறது. இன்றைக்கு வாளியை நாகலெட்சுமியிடமிருந்து நீ வாங்கிக்கொள்.